கேமிலை பெற்றோல் முடியாது, மோனை

மோனை, உந்தப் பிளேன் கேமை விட்டிட்டுப் போனை ஒருக்கால் கீழை வை. பைலட் பெரிசோ பிளேன் பெரிசோ எண்டு பரந்தன் சந்தி அதிரக் கத்துறியள். எந்தப் பிளேன் என்ன வேகம் எண்டு உனக்குத் தலைகீழ்ப் பாடம். உதிலை காவாசி ஏ.எல். சோதினைக்குப் படிச்சிருந்தால் கொப்பர் பிள்ளையாருக்கு இவ்வளவு தேங்காய் உடைச்சிருக்கத் தேவையில்லை.

நானும் பிளேன் படிச்சவன் தான், பங்கருக்குள்ளை. வேவு பாக்கிற வண்டு சுத்தத் தொடங்கினால் குண்டு போடக் கிபிர் வரும் எண்டது எங்கடை கோழிக்கும் தெரியும். ஓட்டுறவன் கெட்டிக்காரனோ எண்டு உள்ளுக்கை இருந்த ஒருத்தரும் விசாரிக்கேல்லை.

சரி, உன்ரை வழக்குக்கு வாறன். புலிகள் இயக்கத்திட்டை இருந்தது செக் நாட்டுச் சிலின் 143. நாலு பேர் ஏறி ஊர் பாக்கிற சாமான். தலைதெறிக்க ஓடினாலும் மணிக்கு 260 கிலோமீற்றர் சொச்சம். அதிலை குண்டைக் கட்டி 2007 பங்குனி 26 நடுச்சாமம் தாண்டிக் கட்டுநாயக்கா விமானத்தளத்துக்குப் போய்த் திரும்பிச்சினம். அடுத்த மாதம் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தண்டு அந்தப் பிளேன் வருது எண்டு கொழும்பிலை கரண்டையே நிப்பாட்டினது. மட்ச் பாத்த சனம் இருட்டிலை.

2008இலை அரசாங்கம் சீனாவிட்டை எப்-7 வாங்கிச்சு. சத்தத்தைவிட இரண்டு மடங்கு வேகம் ஓடும். இனிப் பிடிபட்டிடும் எண்டு தானே சொல்லுவாய்? உன்ரை பல்சர் மோட்டச்சைக்கிளை டொப் கியரிலை போட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்குப் பின்னாலை உருட்டிப் பார். பல்சர் நிண்டால் காலை ஊண்டலாம், ஜெட்டிலை எதை ஊண்டுறது? மெதுவாய்ப் போனால் விழும், வேகமாய்ப் போனால் தாண்டிப் போயிடும். ஏவுகணை சூட்டைத் தேடுது, சின்ன எஞ்சினிலை சூடு காணாது. இந்தியா குடுத்த இந்திரா ராடார் உயரம் சொல்லாது. கொரியாச் சண்டையிலையும் போ-2 எண்ட இரட்டைச் சிறகுக் கிழட்டுப் பிளேனைத் துரத்தி, வேகத்தைக் குறைச்ச அமெரிக்க ஜெட் ஒண்டு விழுந்ததாம். 2008 புரட்டாதி 9 வவுனியா முகாமுக்கு அடிச்சண்டு ஒண்டைச் சுட்டு விழுத்தினம் எண்டது அரசாங்கம்; இல்லையெண்டது இயக்கம். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதை, நான் அண்டைக்கு மேலை பாக்கேல்லை.

அப்ப பைலட் தான் பெரிசு எண்டு துள்ளாதை. 2009 தை மாதம் இயக்கத்தின்ரை இரணைமடு ஓடுபாதை ஆமியிட்டைப் போச்சு. மாசி 20 இரவு கொழும்புப் பக்கம் போன இரண்டு சிலினும் திரும்பேல்லை. ஒண்டு உள்நாட்டு இறைவரிக் கட்டிடத்திலை மோதிச்சு, மற்றதைக் கட்டுநாயக்காப் பக்கம் சுட்டு விழுத்தினாங்கள். அதே சின்னப் பிளேன், அதே இரவுப் பயணம். வந்து இறங்கத்தான் நிலம் மிஞ்சேல்லை.

உன்ரை கேமிலை பெற்றோல் முடியுமோ? இறங்க இடம் தேடோணுமோ? கீழை கோழி வளக்கிற கிழவன் ஆரும் இருக்கிறானோ? அதுகளையும் போட்டுத் தரச்சொல்லிச் செய்தவனுக்கு ஒரு கடிதம் எழுது. வந்த பிறகு எனக்கும் ஒருக்காத் தா, நானும் விளையாடிப் பாப்பம்.