இறங்கும்போது இரண்டாவது கியர்

கேள்வி: சீசன் வந்தாலே நாங்கள் ரோட்டில் இறங்க முடிவதில்லை. வெளியூர் வண்டிக்காரர்களைத் திட்டாமல் இருக்க வழி உண்டா? (வாசகி, குன்னூர்)

பதில்: எதற்கம்மா திட்டாமல் இருக்க வேண்டும்? நியாயம் உங்கள் பக்கம். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் கட்டியது. வண்டியை எண்ணிவிடலாம், ஓட்டுகிறவரின் பொறுமைக்கு யார் பாஸ் கொடுப்பது?

போன மே மாதம் பர்லியாறு பழக்கடை ஓரம் ஒரு கார் நின்றது. முன்சக்கரத்தில் புகை, தீய்ந்த பிரேக் நாற்றம். ஓட்டியவர் மலை நெடுக பிரேக்கை மிதித்தே இறங்கியிருக்கிறார். பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனவரைப் பழக்கடை அக்கா தடுத்தார்: “ஊத்தாதீங்க தம்பி, தானா ஆறட்டும். இனிமே ரெண்டாவது கியர்லயே இறங்குங்க.” காரில் வந்த குழந்தைக்கு உட்கார ஸ்டூலும் போட்டார்.

தெரியாமல் தவறுகிறவருக்கு அந்த அக்கா மாதிரி நீங்களும் சொல்லிக்கொடுங்கள்: குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும், அதுதான் விதி. கொண்டை ஊசி வளைவில் முந்துகிறவருக்கு எதிரே வருவது உங்கள் ஊர் ஆம்புலன்ஸாகவும் இருக்கலாம். அவரை மட்டும் என் பங்குக்கும் சேர்த்துத் திட்டுங்கள்!