மணையேறிய உப்புக்கண்டம்

சமையல் என்னும் சாஸ்திரத்திலிருந்து அடுப்பை அறவே விலக்கிவிட்டு, அடுக்குதல் என்ற ஒரே அங்கத்தை வைத்துக்கொண்டு பிரக்யாதி பெற்றுவிட்ட பதார்த்தம் ஒன்று மேனாட்டில் இருக்கிறது. ஒரு மரப்பலகை, அதன்மேல் பச்சை இலைகள் கொஞ்சம், திராட்சை, அத்தி, முலாம்பழம் கொஞ்சம், உப்பிட்டு உலர்த்திக் காகிதம்போல் சீவிய பன்றி இறைச்சி கொஞ்சம், மூலைக்கு மூலை பாலாடைக்கட்டி, தேன், பாதாம் பருப்பு. இவ்வளவையும் அலங்காரமாகப் பரப்பிக் கூடத்தின் நடுவே வைத்துவிட்டால், விருந்து செய்தவருக்குப் புகழும், விருந்தினருக்கு எதை எதோடு சேர்த்து விழுங்குவது என்று யோசிக்கும் பொறுப்பும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பாதிச் சமையலை விருந்தாளியின் தலையில் கட்டிவிடும் இந்த அரிய உபாயம் நம் முன்னோருக்குத் தோன்றாமல் போனதற்கு அவர்களுடைய புத்திக்குறைவு காரணமன்று. நம் விருந்தாளிகளின் சுபாவமே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

டொராண்டோவிலிருந்து கோடை விடுமுறைக்குச் செங்கற்பட்டு வந்திருந்த என் தமக்கை மகன், இந்தப் பலகை வைபவத்தை நம் வீட்டிலும் நடத்தியே தீருவது என்று சங்கல்பம் செய்துகொண்டான். பழத்துக்குப் பஞ்சமில்லை, சித்திரை வெயிலில் பங்கனப்பள்ளி மாம்பழமும், திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்து சாலையோரம் குவியும் தர்பூசணியும், கொய்யாவும் நுங்கும் வேண்டிய மட்டும் கிடைத்தன. இறைச்சிதான் இடறிற்று. இத்தாலியில் பார்மா என்ற ஊரில், பன்றியின் பின்னந்தொடைக்கு உப்பைத் தவிர வேறொன்றும் சேர்க்காமல், ஓராண்டுக்கு மேல் காற்றில் தொங்கவிட்டுப் பக்குவம் செய்கிறார்களாம். அதைச் செங்கற்பட்டுக் கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து ஆட்டுக்கறிக் கடைக்காரர் மிகுந்த அனுதாபம் காட்டினார். அப்போதுதான் எங்கள் பெரியம்மாவின் பரணில் ஒரு மண்பானை இருப்பது என் நினைவுக்கு வந்தது.

உப்புக்கண்டம் போடுவதில் பெரியம்மாவுக்கு நிகர் பெரியம்மாதான். எலும்பு நீக்கிய ஆட்டுக்கறியை விரற்கடைக் கனத்தில் நீள நீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு, இஞ்சி எல்லாம் அரைத்துப் பிசறி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் காலை கோணி ஊசியால் நூலில் கோத்து மொட்டைமாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டிவிடுவாள். உப்பு உள்ளிருக்கும் நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடுவதால் கிருமிகள் பிழைக்க வழியில்லை. காக்கைகளுக்கு மட்டும் உண்டு. ஆகவே ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் நட்டு, கையில் ஒரு கழியோடு மாடிப்படியின் நிழலில் அவள் அமர்ந்திருக்கும் காட்சியைப் பார்த்தால், காக்கை என்ன, கடன்காரன்கூட அந்தப் பக்கம் வரமாட்டான். சாயங்காலம் இறக்கி, மறுநாள் மறுபடி ஏற்றி, ஒரு துண்டை எடுத்துத் தரையில் போட்டால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும் வரையில் இந்தத் தவம் நீடிக்கும். பிறகு பானைக்குள் போகும். வேண்டியபோது எடுத்து, நல்லெண்ணெயில் பொரித்து, அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நார்நாராகப் பிரிந்து வரும்.

இது ஆட்டின் பங்கு. கடலின் பங்கும் இருந்தால் பலகை பூர்ணமாகும் என்று பையன் ஆசைப்பட்டதால், நெத்திலிக் கருவாடு வாங்க மாமல்லபுரம் போனோம். அங்கே மீனவர் குப்பத்து மணலில் விரித்த வலைகளின்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. சற்றுத் தொலைவில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில், அந்த வாசனையை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சகித்துக்கொண்டு நின்றது. நற்றிணையில் ஒரு தோழி, தேரேறி வரும் செல்வக் குமாரனைப் பார்த்து, நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், எட்டி நில்லும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். பையனை அங்கே ஒருவரும் அப்படித் தடுக்கவில்லை. இரட்டை விலைதான் சொன்னார்கள். அதே ஊரின் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறதே, சுற்றிலும் எலிகள் வணங்கி நிற்க! அந்தச் சிற்பி குப்பத்துக் கருவாட்டுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும் பூனைகளை நாள்தோறும் பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

பழத்தை அடுக்கி விருந்தினரைப் பிரமிக்கவைக்கும் கலையும் அந்த ஊருக்குப் புதிதன்று. 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் சந்தித்தபோது, பஞ்ச ரதங்களின் அருகே தோட்டக்கலைத் துறையினர் 18 வகைக் காய்களையும் பழங்களையும் கொண்டே ஒரு தோரண வாயில் நிறுத்தினார்கள். பையனுக்கு அதைச் சொன்னபோது, ‘அதில் இறைச்சி இருந்ததா, மாமா?’ என்று கேட்டான். ராஜதந்திரம் அவ்வளவு தூரம் போகவில்லை என்றேன்.

வீடு திரும்பிய மறுநாள் பலகைப் பிரச்சினை எழுந்தது. எங்கள் வீட்டில் மரப்பலகை என்று இருப்பது ஒன்றே ஒன்று; கலியாணங்களில் மாப்பிள்ளையை உட்காரவைக்கும் மணை. அதைப் பையன் கழுவித் துடைத்துக் கூடத்தில் வைத்ததுதான் தாமதம், சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“ஏண்டா, குந்தற மணையில யாருனா தின்ற பொருள வெப்பாங்களா?”

தலைவாழையிலை ஒன்றை மணைமேல் விரித்துச் சமாதானம் செய்தேன். இலை விழுந்ததும் பெரியம்மா அதிகாரத்தை எடுத்துக்கொண்டாள். நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும், உப்பு அந்த மூலையில், இனிப்பு முதலில். இந்த விதிகளுக்கு அடங்கி மாம்பழக் கீற்றும், தர்பூசணியும், மிளகாய்த்தூள் தூவிய கொய்யாவும், நுங்கும் தத்தம் ஸ்தானங்களில் அமர்ந்தன. தட்டிய உப்புக்கண்டமும் பொரித்த நெத்திலியும் நடுவில் குவிந்தன. பையன் கடைசியாகப் பாலாடைக்கட்டியை எடுத்தான்.

“அது இன்னாது?”

“பால்ல செஞ்சது, பாட்டி.”

“கருவாட்டுப் பக்கத்துல பாலா? ஒடம்பெல்லாம் வெள்ள வெள்ளயா வந்துடும்டா!”

மீனும் பாலும் கூடினால் தோலில் வெண்படை வரும் என்பது எங்கள் பெரியம்மாவின் வைத்தியம். மேனாட்டில் நெடுங்காலமாகக் கலந்து தின்றும் யாருக்கும் ஒன்றும் வரவில்லை என்று பையன் வாதாடினான். ஆனால் அந்த நாட்டு வைத்தியர்களும் லேசுப்பட்டவர்களல்லர். முலாம்பழம் அதிகக் குளிர்ச்சி, ஈரம். தனியாகத் தின்றால் ஆபத்து. உலர்ந்த உப்பு இறைச்சியோடு சேர்த்தால் சமனாகும் என்று கேலன் என்ற கிரேக்க வைத்தியரின் சித்தாந்தத்தை ஒட்டி நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் உபதேசித்து வந்தார்கள். கேலன் செங்கற்பட்டுக்கு வந்திருந்தால் பெரியம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்து சூடு, குளிர்ச்சி என்று பொழுது சாயும்வரை சந்தோஷமாகப் பேசியிருப்பார். பாலாடைக்கட்டி குளிர்பெட்டிக்குத் திரும்பிற்று.

சுவையைப் பற்றிச் சொன்னால், மாம்பழக் கீற்றின்மேல் ஒரு சிட்டிகை உப்புக்கண்ட நாரை வைத்து வாயில் இட்டபோது, உப்பு பட்ட இடத்தில் தித்திப்பு இரட்டித்தது. காரம் பின்னாலேயே வந்து இரண்டையும் விசாரித்தது. நெத்திலிக்குக் கொய்யா அவ்வளவாக ஒத்துவரவில்லை. நுங்கு யாரோடும் சேராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. விருந்துக்கு வந்த அண்டைவீட்டார் இலையைச் சுற்றி நின்று, எதை முதலில் தொடுவதென்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியம்மா உள்ளே போய், நெத்திலியும் மாங்காயும் போட்டு முதல்நாளே வைத்துச் சுண்டவிட்டிருந்த கருவாட்டுக் குழம்பையும் சோற்றுக் குண்டானையும் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இருந்தாலும் இலையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. கைகழுவிவிட்டு வந்த எதிர்வீட்டு அம்மாள், அந்த இலைப் பலகாரத்தை எப்படிச் செய்வது என்று கேட்டாள். பையன் உற்சாகமாக, “முதல்ல ஒரு நல்ல பலகை வேணும்” என்று தொடங்கினான்.

“முதல்ல நாலு நாள் நல்ல வெயில் வேணும்” என்றாள் பெரியம்மா.