முயலுக்கும் வேண்டும் ஒரு மூலை

சிறுநீர், புழுக்கை போவதற்கென்று கூண்டின் வலது மூலையில் புதுத் தட்டு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் முயல் இடது மூலையில்தான் போகிறது. எப்படித் திருத்துவது?
– வாசகி, தாம்பரம்

முயலை எதற்குத் திருத்த வேண்டும்? தட்டை இடது மூலைக்கு நகர்த்துங்கள். குறிப்பிட்ட இடத்தில் போவது முயலின் பிறவிக் குணம். இதன் காட்டு மூதாதையரான ஐரோப்பிய முயல்கள்கூட எல்லையைக் காட்டுவதற்காக ஒரே இடத்தில் புழுக்கையைக் குவித்து வைக்கும். உங்கள் முயல் இடம் பார்த்தாயிற்று. வாஸ்து பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

தட்டில் ஏறி உட்காருகிறது. ஒன்றும் செய்யாமல் இறங்கிவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

சும்மா உட்கார யாருக்குப் பிடிக்கும்? முயலுக்கு மெல்வதும் கழிப்பதும் ஒரே நேரத்து வேலை. தட்டின் ஒரு ஓரத்தில் உலர்ந்த புல்லைக் குவித்து வையுங்கள். வாய் புல்லுக்கு எட்ட வேண்டும், பின்பக்கம் தட்டுக்குள் இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. திமோத்தி புல் விலை கட்டுப்படியாகாதவர்கள் அருகம்புல்லை நிழலில் உலர்த்தி வைக்கலாம். வைக்கோல் விரிப்புக்கு ஆகும், அதில் சத்து குறைவு. தட்டைக் கழுவும்போது நாலு புழுக்கையையும் சிறுநீர் பட்ட ஒரு காகிதத் துண்டையும் அதிலேயே விட்டுவையுங்கள். முயலுக்கு வாசனைதான் பெயர்ப்பலகை.

பூனைக்கு வாங்கிய மணல் அரை மூட்டை மிச்சம் இருக்கிறது. முயல் தட்டில் கொட்டலாமா?
– சிக்கனக்காரர், சேலம்

பூனை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். முயல் எதையும் கொறித்துப் பார்க்கும். ஈரம் பட்டதும் கட்டியாகும் அந்த மணல் வயிற்றுக்குள் போனால் குடல் அடைத்துக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. நெடியடிக்கும் பைன், தேவதாரு மரச்சீவலும் ஆகாது. பழைய நாளிதழை நாலாக மடித்துப் போட்டு மேலே புல் தூவினால் போதும், தினமும் மாற்ற வேண்டும். நேற்றைய தலையங்கத்துக்கு இவ்வளவு உடனடியான விமர்சனம் வேறெங்கும் கிடைக்காது.

நான்கு மாதம் வரை ஒழுக்கமாக இருந்த ஆண் முயல், இப்போது சோபா, சுவர், என் பேன்ட் என்று எல்லா இடத்திலும் பீய்ச்சுகிறது. என் காலையே சுற்றிச் சுற்றி வருகிறது.
– கல்லூரி மாணவர், கோவை

உங்கள் பையன் வயதுக்கு வந்துவிட்டான். சுற்றி வருவது காதல், பீய்ச்சுவது பட்டா போடுவது. இதற்குத் தட்டை மாற்றிப் பயனில்லை. கருத்தடைதான் வழி. ஆணுக்குச் சுமார் நான்கு மாதத்திலும் பெண்ணுக்கு ஐந்தாறு மாதத்திலும் செய்யலாம். பெண்ணுக்கு இது இன்னும் அவசியம். கருத்தடை செய்யாமல் வயதாகும் பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் சர்வ சாதாரணமாக வருகிறது. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டரா என்று முதலில் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு பட்டினி போடாதீர்கள், முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு அவன் அப்பாவாக முடியும் என்பதால் பெண் முயலிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

எங்கள் முயல் என் மாமியார் கட்டிலில் மட்டும் போகிறது. உள்நோக்கம் ஏதும் இருக்குமா?
– மருமகள், மதுரை

முயலுக்கு இல்லை. மெத்தை மெத்தென்று இருக்கிறது, அதில் இன்னொருவர் வாசனையும் அடிக்கிறது. தன் வாசனையைச் சேர்க்காமல் முயலால் இருக்க முடியாது. அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்: முதலில் கூண்டும் தட்டும், தப்பாமல் போனால் ஓர் அறை, பிறகு அடுத்த அறை. கறை பட்ட இடத்தை வெள்ளை வினிகரும் தண்ணீரும் கலந்து துடைத்தால் சுண்ணாம்புக் கறையும் போகும், வாடையும் போகும். பினாயில் வேண்டாம். மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டவும் வேண்டாம்.

இரண்டு தட்டு தட்டினால் திருந்துமா?
– வாசகர், நாகர்கோவில்

முதுகெலும்புதான் முறியும். பயந்து உதறும் வேகத்திலேயே தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளக்கூடிய பிராணி அது. தட்டில் போனதும் இரண்டு கொத்தமல்லித் தழை கொடுங்கள். லஞ்சம் நியாயமாக வேலை செய்யும் இடம் இது ஒன்றுதான்.

அதிகாலையில் தன் கழிவைத் தானே தின்கிறது! அருவருப்பாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

அது கழிவல்ல, இரண்டாம் பந்தி. உருண்டையாக, காய்ந்து கிடப்பது புழுக்கை. திராட்சைக் கொத்துபோல மினுமினுப்பாக, மென்மையாக வருவது வேறு. பெருங்குடலின் முன்பைக்குள் நுண்ணுயிர்கள் சமைத்த பி வைட்டமினும் புரதமும் அதில் இருக்கின்றன. தின்றால் நல்லது. தின்னாமல் தரையில் மிதிபட்டால்தான் கவலைப்பட வேண்டும். தீனி உருண்டையும் பழமும் அதிகமாகிவிட்டன, புல் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

தட்டில் சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. ரத்தமா?
– வாசகர், விழுப்புரம்

பெரும்பாலும் தின்ற இலைதழையின் நிறமிதான். வெள்ளையாக, கலங்கலாகப் போனால் அது உபரி கால்சியம். குதிரைமசாலையும் முருங்கைக்கீரையையும் குறைத்துப் பாருங்கள். முக்கிக்கொண்டு போனாலோ, மணல்போலக் கெட்டியாக வந்தாலோ, பின்பக்கம் எப்போதும் நனைந்திருந்தாலோ யோசிக்காமல் டாக்டரிடம் போங்கள். வருஷக்கணக்கில் தட்டில் போன முயல் திடீரென்று தவறினாலும் அப்படித்தான். அது திமிரல்ல. சிறுநீர்த் தொற்றோ மூட்டு வலியோ இருக்கும். வலிக்கிற காலுக்குத் தட்டின் விளிம்பே மலை.

பக்கத்து வீட்டுக்காரர் தன் முயல் ஒரே நாளில் பழகிவிட்டது என்கிறார். உண்மையா?
– வாசகர், காஞ்சிபுரம்

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் வீட்டு சோபாவுக்கு அடியில் ஒரு தரம் குனிந்து பாருங்கள். பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். துறுதுறுவென்று திரியும் குட்டியைவிட வளர்ந்த முயல் சீக்கிரம் பழகும். நன்றாகப் பழகிய முயலும் அங்கங்கே நாலு உருண்டை சிந்தத்தான் செய்யும். அதைப் பெருக்கி ரோஜாத் தொட்டியில் போடுங்கள். மட்க வைக்காமல் நேரடியாகப் போடக்கூடிய உரம்.

நேற்றிலிருந்து தட்டும் சுத்தம், தரையும் சுத்தம். ஒரு புழுக்கைகூட இல்லை. முயல் தேறிவிட்டதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதிலைப் படித்து முடிக்கும் முன் கிளம்புங்கள். அரை நாளுக்கு மேல் முயல் தின்னாமலும் கழிக்காமலும் இருந்தால் குடல் நின்றுபோயிருக்கலாம். அது உயிரை வாங்கும் அவசரம். முயல் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: தரையில் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தைத் தேடுங்கள். எங்குமே இல்லையென்றால் டாக்டரைத் தேடுங்கள்.