கண்டுபிடித்தாயிற்று, கேட்கத்தான் ஆளில்லை

இந்த வாரத்து லிங்க் வந்து சேர்ந்துவிட்டது. கூடவே வழக்கமான பத்தியங்களும்: ஹெட்ஃபோன் கட்டாயம், விளக்கை அணைத்துவிட வேண்டும், முதல் நான்கு நிமிஷம் ஒன்றும் நடக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் பனிமூட்டம், அதற்குள் ஒற்றை மரம், மரத்தைப் பார்த்தபடி நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதன். பாட்டின் நீளம் 11 நிமிஷம் 40 விநாடி. குழுவில் முதல் 'செம்ம!' வந்து விழ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீதிப் பேர் 'சேவ் பண்ணிட்டேன்' என்றார்கள். நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். சேவ் பண்ணியதையெல்லாம் கேட்டு முடிக்க வேண்டுமானால் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு கர்ஜத் பக்கம் குடிபோக வேண்டும். இப்போது எரிச்சல் தணிவதற்குள் ஒரு வாதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வாதம் சுருக்கமானது. மும்பைத் தமிழர்களான நாம் போஸ்ட்-ராக், ஆம்பியன்ட் என்ற இந்த மெதுவான இசையைக் கண்டுபிடிக்கிறோம், கேட்பதில்லை. கேட்க வேண்டுமென்றால் நிசப்தமும் நேரமும் வேண்டும். கண்டுபிடிக்கக் கட்டைவிரல் ஒன்று போதும். காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் இருந்தவரைக்கும் புது இசையைக் கண்டுபிடிப்பது ஒரு செலவு. ரயிலேறிப் போய், பூத்துக்குள் நின்று கேட்டு, விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, காசைக் கொடுத்து வாங்கிவந்தால், பிடிக்காவிட்டாலும் பத்துத் தடவை கேட்டே ஆக வேண்டும். கொடுத்த காசு ஜீரணமாகும்வரை விடமாட்டோம். அப்படித்தான் பல பேருக்குப் பல நல்ல ஆல்பங்கள் பிடித்துப்போயின. 2016-இல் அந்தக் கடையை மூடினார்கள். 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. கண்டுபிடிப்பு இலவசமானதும் பத்துத் தடவை கேட்கும் கட்டாயமும் போயிற்று. ஐஸ்லாந்திலிருந்து கிளாஸ்கோ வரை எல்லாக் குழுவின் பெயரும் நமக்குத் தெரியும். அந்தப் பெயர்களை யாராவது தப்பாக உச்சரித்தால் திருத்தவும் தெரியும். எந்தப் பாட்டு எங்கே முடிகிறது என்று கேட்டால்தான் விழிப்போம்.

முதலில் நிசப்தம். 1975 தொடக்கத்தில் பிரையன் ஈனோ விபத்தில் அடிபட்டு லண்டனில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பார்க்க வந்த சிநேகிதி ஒருவர் 18-ஆம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டுவிட்டுப் படுத்தபின்தான் தெரிந்தது, வால்யூம் ரொம்பக் குறைவு. எழுந்துபோய்க் கூட்டத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு மேலே எழும்பிய சில சுரங்கள் மட்டும் காதில் விழுந்தன. சுற்றுப்புறத்தோடு கலந்து கிடக்கும் இசை என்ற எண்ணம் அங்கேதான் தோன்றியதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டே 'டிஸ்கிரீட் மியூசிக்', 1978-இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. அதே மனிதர் அதே அடியோடு செம்பூரில் இரண்டாவது மாடியில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பக்கத்து பில்டிங்கில் ரீடெவலப்மென்ட். காலை ஒன்பதுக்கு பிரேக்கர், பதினொன்றுக்கு மார்பிள் கட்டர், நடுவே பழைய பேப்பர் எடுக்கும் பங்கார்வாலாவின் குரல், நாலாவது விசிலையும் தாண்டிய குக்கர், ரிவர்ஸ் எடுக்கும் டெம்போவின் சங்கீதம். ஈனோ ஹெவி மெட்டலைக் கண்டுபிடித்திருப்பார். குடியிருப்புப் பகுதியில் பகல் நேரச் சத்தம் 55 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் விதி சொல்கிறது. ஊர் நிலவரம் தெரிய வேண்டுமானால் மும்பை டிராஃபிக் போலீஸ் 2020-இல் வெளியிட்ட வீடியோவைப் பார்க்கலாம். சில சிக்னல்களில் மீட்டர் மாட்டி, ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் கணக்கு முதலிலிருந்து ஓடும்படி செய்தார்கள். மாட்டுங்காவுக்கு அண்டையிலுள்ள ஹிந்த்மாதாவும் அதில் ஒன்று. கணக்கு முதலிலிருந்து ஓடியதைப் பார்த்து ஜனங்கள் செய்த காரியம், இன்னொரு தடவை ஹாரன் அடித்ததுதான்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். இந்த இசையே கவனித்தும் கேட்கலாம், கவனிக்காமலும் விடலாம் என்ற கொள்கையில் பிறந்ததாயிற்றே, ஆகவே நாம் கேட்காமல் இருப்பதே அதை முறையாகக் கேட்பது என்பார்கள். கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் ஒன்றைப் பொருட்படுத்தாமல் இருக்க, அது முதலில் காதில் விழ வேண்டும். மார்பிள் கட்டருக்கு அடியில் புதைந்துபோன கீபோர்டை யாரும் பொருட்படுத்தாமல் விடவில்லை. அது அங்கே இருப்பதே தெரியாது. சத்தத்தை அழிக்கும் ஹெட்ஃபோன் இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். இருக்கிறது, விலையும் இருக்கிறது. சுற்றுப்புறத்தோடு கலப்பதற்காகச் செய்த இசையைக் கேட்க, சுற்றுப்புறத்தை அடைப்பதற்கு இருபதாயிரம் ரூபாய் கொடுப்பதில் உள்ள நியாயத்தை யாராவது எனக்கு எழுதி அனுப்பலாம். லிங்க் வேண்டாம்.

அடுத்து நேரம். இந்த ஊரில் தமிழனுக்குத் தனியாகக் கிடைக்கும் நேரம் லோக்கலில் நிற்கும் நேரம்தான். ஆகவே கணக்கை ஹார்பர் லைனில் போடுவோம். இளையராஜாவின் நாலரை நிமிஷப் பாட்டு செம்பூரில் பல்லவி எடுத்தால் குர்லாவுக்குள் இரண்டு சரணமும் முடிந்து கௌரவமாக இறங்கிவிடும். மொகுவாய் குழுவுக்கு 16 நிமிஷத்தில் ஒரு பாட்டு உண்டு, காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரரின் 2000-ஆம் ஆண்டு இரட்டை ஆல்பத்தில் மொத்தமே நான்கு உருப்படிகள், ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் அளவில். அப்படி ஒன்றைச் செம்பூரில் போட முடியாது, கை ஜேபிக்குப் போக இடமிருக்காது. திலக் நகரிலும் முடியாது. குர்லாவில் சென்ட்ரல் லைன் கூட்டம் மாறி ஏறும்போது கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சுனாபட்டியில் கையைக் கண்டுபிடித்துப் பட்டனை அமுக்கலாம். ஒற்றை கிடார், ஒற்றை சுரம். ஜி.டி.பி. நகரில் அதே சுரம், கொஞ்சம் எதிரொலியோடு. வடாலாவில் இரண்டாவது கிடாரும் ஒருவரின் முழங்கையும் சேர்ந்து நுழைகின்றன. சிவ்ரியில் பேஸ் வந்திருக்க வேண்டும். தண்டவாளமா பேஸா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. காட்டன் கிரீனில் பாட்டு சட்டென்று அடங்குகிறது. முடிந்துவிட்டதோ, சார்ஜ் போய்விட்டதோ என்று சந்தேகம். அப்போது மராத்தி, இந்தி, ஆங்கிலம் என மும்மொழியிலும் 'அடுத்த ஸ்டேஷன் ரே ரோடு' என்று ஒரு பெண் குரல். இது பாட்டிலா, வண்டியிலா? கேள்வி நியாயமானது, ஏனென்றால் மேற்படி காட்ஸ்பீட் ஆல்பத்திலேயே ஒரு பெட்ரோல் பங்க் கடையின் ஒலிபெருக்கி அறிவிப்பை அப்படியே பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். ரே ரோடு தாண்டியும் வண்டி நகராமல் நின்றால் அதுவும் கலையின் பகுதியாக இருக்கலாம். டாக்யார்ட் ரோடில் டிரம்ஸ் ஆரம்பம். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் கிடார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. எந்த மலை உச்சிக்காக இருபது நிமிஷம் காத்திருந்தோமோ அது கண்ணுக்குத் தெரிகிறது. மஸ்ஜித்தில் மூட்டையோடு ஒருவர் உச்சிக்கும் நமக்கும் நடுவே நிற்கிறார். சி.எஸ்.எம்.டி.யில், உலகமே வெடித்து ஒளிமயமாக வேண்டிய அந்த விநாடியில், திரும்பும் வண்டிக்கு சீட் பிடிக்க நாற்பது பேர் உள்ளே குதிக்கிறார்கள். ஒரு காதுக்குழல் போயிற்று. மாட்டுங்காவாசியின் நிலைமை இதைவிட மோசம். தாதர் அடுத்த ஸ்டேஷன். அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒற்றை கிடார், ஒற்றை சுரம்தான். பாட்டின் உச்சத்தைக் கேட்க வேண்டுமானால் அவர் கல்யாணில் வேலை தேடிக்கொள்ள வேண்டும்.

மெதுவான சங்கீதம் நமக்குப் புதிதா, சண்முகானந்தாவிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலும் முக்கால் மணி நேரம் ராகம் தானம் பல்லவி கேட்ட பரம்பரையல்லவா என்று ஒரு கோஷ்டி எழுந்து நிற்கும். கூடவே, இவர்களுடைய டிரோன் எல்லாம் நம் தம்புராவிலிருந்து போனதுதான் என்றும் சொல்வார்கள். தகவல் சரி. பண்டிட் பிராண் நாத் 1970-இல் நியூயார்க் போனார். லா மான்டே யங், டெர்ரி ரைலி எல்லாரும் அவரிடம் சிஷ்யர்களாகச் சேர்ந்தார்கள். அவரிடம் கற்ற ஜான் ஹாசல்தான் 1980-இல் ஈனோவோடு ஆல்பம் போட்டார். ஆனால் இந்தத் தகவலை நமக்குச் சொல்பவர் பிராண் நாத்தையும் கேட்டதில்லை, சேவ்தான் செய்திருக்கிறார். சபாவின் பொறுமையைப் பற்றியும் அதிகம் பேச வேண்டாம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நாற்காலிகள் மடங்கும் சத்தம் மிருதங்கத்துக்கு இணையாகக் கேட்கும். ஜனங்கள் அடுத்த விநாடி கேன்டீனில் இருப்பார்கள். 1986-இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' கொண்டுவந்தார், 1988-இல் 'நத்திங் பட் விண்ட்'. சினிமா இல்லை, பாடகர் இல்லை, வரி இல்லை. தமிழன் வீட்டில் அந்த கேசட் இல்லாத அலமாரி இல்லை. இரண்டாம் பக்கம் தேய்ந்துபோன கேசட் எத்தனை வீட்டில் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

போகட்டும், நாம் லிங்க் அனுப்புவதால் சுயாதீனக் கலைஞர்கள் நாலு காசு பார்க்கிறார்களே என்பது கடைசி ஆட்சேபம், நெஞ்சைத் தொடுவதும்கூட. கணக்கைப் பாருங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை ஆண்டுக்கு ஆயிரம் தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்குக் காசு. கண்டுபிடிப்பாளரோ, பாட்டு ஆயிரத்தை எட்டுகிற வாசனை வந்ததும் 'கமர்ஷியல் ஆயிட்டாங்க' என்று கழன்றுகொள்பவர். கலைஞருக்குச் சோறு தொடங்கும் இடத்தில் நம் ரசனை முடிகிறது. சரி, அப்படிக் கண்டுபிடித்தது யாரை? 2022-இல் ஸ்வீடனின் டாகென்ஸ் நீஹேட்டர் நாளிதழ் துருவிப் பார்த்தபோது, இந்த அமைதி மார்க்கப் பட்டியல்களில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட 'கலைஞர்'களுக்குப் பின்னால் சுமார் இருபது பேர்தான் இருந்தார்கள். 2024-இல் அதே பத்திரிகை இன்னொன்றைச் சொன்னது: ஸ்டாக்ஹோமின் யோஹான் ரோர் என்ற ஒருவரே 650-க்கு மேற்பட்ட பெயர்களில் 2,700-க்கு மேற்பட்ட பாட்டுகளைப் போட்டு, 1,500 கோடித் தடவை கேட்கப்பட்டிருக்கிறார். நாம் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பெயரைக் கண்டுபிடித்து, 'இது யாருக்கும் தெரியாது' என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது அந்த ஒரே மனிதரையாக இருக்கவும் இடமுண்டு.

இதற்கிடையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தாராவியில், பனிமூட்டமும் ஒற்றை மரமும் இல்லாத சுயாதீன இசை நடந்துகொண்டிருக்கிறது. டோப்அடெலிக்ஸ், செவன் பன்டாய்ஸ் பையன்கள் தமிழும் இந்தியும் கலந்து ராப் பாடுகிறார்கள். பிரேக்கர் சத்தத்துக்கு நடுவே பிறந்த இசைக்கு பிரேக்கர் ஒரு பொருட்டில்லை. அதைக் கேட்க விளக்கை அணைக்க வேண்டியதும் இல்லை. மாட்டுங்கா கண்டுபிடிப்பாளர் டோப்அடெலிக்ஸை அறிந்தது 2018-இல் 'காலா' படத்தின் வழியாக. ரஜினி வந்து அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. ரெய்க்யவீக்கில் நாலு பேர் ஒத்திகை பார்ப்பது தெரிந்த மனிதருக்குத் தாராவியின் லேபர் கேம்ப் தெரியவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. ரெய்க்யவீக்குக்கு டாக்ஸி பிடிக்க வேண்டாம், கட்டைவிரல் போதும். லேபர் கேம்ப்புக்கு நடந்தல்லவா போக வேண்டும்.

ஆக, கேட்கப்போவதில்லை என்பது தெளிவாகிவிட்ட நிலையில் என்ன செய்யலாம்? இந்த விஷயத்தில் நாம் இத்தனை காலம் கேலி செய்துவந்த சபாக்காரர்களிடம் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆயுள் உறுப்பினர் என்ற ஜீவன் கச்சேரிக்கு வராது. சந்தா கட்டும், பாஸை சம்பந்திக்குக் கொடுத்துவிடும், வீட்டில் சீரியல் பார்க்கும். அந்தச் சந்தாவில்தான் மேடையில் விளக்கு எரிகிறது, பாடியவருக்குக் கவர் போகிறது. கேட்காதவர் காசு கொடுத்துப் பாடுபவரை வாழவைக்கும் இந்த முறையை நம் வகையறாவுக்கும் நீட்டிக்கலாம். பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பத்தை வாங்கினால் தளத்தின் பங்கு 15 சதவீதம். அதையும் விட்டுக்கொடுக்கும் வெள்ளிக்கிழமைகளை 2020 முதல் அவ்வப்போது நடத்துகிறார்கள். வாங்கிவிட்டு நிம்மதியாகக் கேட்காமல் இருக்கலாம். நேரமில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இராது. அந்தச் சாக்கை எவன் நம்புகிறான்? ஞாயிற்றுக்கிழமை காலை கிங்ஸ் சர்க்கிளில் போய்ப் பாருங்கள். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு ரசவடைக்காக, ஹாரன்களுக்கு நடுவே, முக்கால் மணி நேரம் முகம் கோணாமல் நிற்கிறார்கள் நம் ஆட்கள்.