தார்ப்பாய்க்குள் கார்காலம்: கரிசல் நாட்டில் நிறுத்திவைத்த வண்டிகளின் ஓதம் பற்றி ஓர் ஆராய்ச்சி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் பொருள். கண்மாயைத் தூர்வாரிப் பார்த்தார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்த்தார்கள். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுப் புழுதியைக் கண்டார்கள். வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் பதித்துக் கொண்டுவந்தார்கள். இத்தனை பேரும் தேடாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு வந்த மகன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போன காரின் உட்புறம். பொங்கலன்று அதன் கதவைத் திறந்தவர்கள் அறிவார்கள்: ஸ்டியரிங்கில் வெள்ளைப் பூசணம், இருக்கையில் பச்சைப் பூசணம், மிதியடிக்குக் கீழே கால் நனையும் ஈரம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாடை. நீர்வளத்துறை இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆராய்ச்சியின் எல்லையை முதலில் வகுத்துவிட வேண்டும். காலம், ஐப்பசி முதல் தைப்பொங்கல் வரை. இடம், அருப்புக்கோட்டையிலிருந்து குண்டாற்றங்கரைத் திருச்சுழி வரை. பொருள், கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்ட நான்கு சக்கர வண்டி எதுவும். டிராக்டர் இதில் சேராது. அதற்கு அடைப்பு இல்லை. எனவே இந்த நோயும் இல்லை.

இந்தத் துறையை முறையாக வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டிகளை அவர்கள் கோடையில் ஓட்டுவார்கள், குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பார்கள். நிறுத்துமுன் மெத்தைகளைச் சுவரை விட்டு விலக்கி நிமிர்த்தி வைப்பது, அலமாரிகளைத் திறந்துபோடுவது, தண்ணீர்த் தொட்டியை வடிப்பது, கூரையில் உள்ள காற்றுத் துளையை அடைக்காமல் விடுவது என்று ஒரு சடங்கே நடக்கிறது. நம் பக்கம் கேரவன் என்றால் படப்பிடிப்புக்கு வரும் வண்டி. அதன் மூடிய கதவைப் பிள்ளைகள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலா என்று அறிவித்தது. அவர்கள் மழைக்கு அவர்கள் ஓதம் எப்படியிருக்கும் என்பது தனி நூலுக்குரிய பொருள்.

ஆனால் வீட்டு வண்டி நமக்குப் புதிதா எனின், இல்லை. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூட்டு வண்டி இருந்தது. உள்ளே வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வண்டி கட்டிப் போனவர்கள் பெண்டுபிள்ளைகளோடு அதிலேயே படுத்தார்கள், வண்டியடியில் சமைத்தார்கள். முன்னால் திறப்பு, பின்னால் திறப்பு. மாடு நடந்தாலும் நின்றாலும் காற்று ஊடே போய்க்கொண்டிருந்தது. அந்த வண்டியில் ஓதம் தங்கியதாக எந்தக் கிழவியும் குறை சொல்லி நாம் கேட்டதில்லை. கூடு கட்டியவர்களுக்குப் பௌதிகம் தெரியுமா என்றால், தெரிய வேண்டிய தேவை வரவில்லை.

நமக்கு வந்திருக்கிறது. 28 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். 21 பாகைக்கு இறங்கினால் 18.3 கிராம்தான். காருக்குள் 3 கனமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். மழை விட்ட பிற்பகலில், ஈரப்பதம் 85 விழுக்காடாக இருக்கையில் கதவைச் சாத்தினால் உள்ளே சிறைப்படும் நீராவி சுமார் 69 கிராம். மார்கழி விடியலில் 21 பாகை வந்ததும் அந்தக் காற்றால் 55 கிராமுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மிச்சம் 14 கிராம் கண்ணாடியில் வேர்த்து வழிகிறது. மூன்று தேக்கரண்டிக்கும் குறைவு.

இங்கேதான் முந்தைய ஆராய்ச்சியாளர்கள் (டீக்கடை பெஞ்சில் கூடுபவர்கள்) வழி தவறினார்கள். “எல்லாம் பனியில வர்றதுண்ணே” என்று முடித்துவிட்டார்கள். மூன்று கரண்டித் தண்ணீர் ஒரு காரை நாறடிக்காது. அது வெறும் ஒற்றன்; படை ஏற்கனவே உள்ளே இருக்கிறது. மகன் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் என்ன செய்கிறான்? “அழுக்கா நிப்பாட்டக் கூடாதுப்பா” என்று வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டுக் கொண்டுவருகிறான். மிதியடிக் கம்பளம் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்திருக்கும். மேலே காய்ந்தாற்போல இருக்கும். அடியில் உள்ள பஞ்சு காயாது. அதன்மேல் ரப்பர் மிதியடியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றி, ரயிலைப் பிடிக்கிறான். இருக்கையிலோ அம்மா விரித்த தேங்காய்ப்பூத் துண்டு. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூல் வணிகத்தில் அதன் உலர்ந்த எடையில் 8.5 விழுக்காடு ஈரம் இருக்கலாம் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள்.

நூல் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர். காற்று காய்ந்தால் இழை அறுபடும் என்பது தறியில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். தறிக்குழியின் ஈரத்துக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. நூற்பாலைகளில் காற்றை ஈரப்படுத்தவென்றே இயந்திரம் ஓடுகிறது. மின்கட்டணம் கட்டி ஓதத்தை உண்டாக்குகிறார்கள். மேற்கே சற்றுத் தள்ளிச் சிவகாசியில் கதையே வேறு. தீப்பெட்டியும் பட்டாசும் அங்கே வேரூன்ற இந்த மண்ணின் காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். மழை பிடித்துக்கொண்டால் மருந்து காயாமல் வேலை நின்றுபோகும். ஆக, ஈரத்தை உண்டாக்கும் கலையும் விரட்டும் கலையும் ஒரே மாவட்டத்தில் தொழிலாகவே நடக்கின்றன. இரண்டில் எதுவும் கார் நிற்கும் வாசல்வரை வரவில்லை.

வராததற்குக் காரணம் மூடுவோர் மரபு. இம்மரபினர் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், பெரும்பாலும் தந்தையர். அவர்களுடைய கொள்கையைத் தொலைபேசி உரையாடல் ஒன்றின் வழியே அறியலாம்.

“அப்பா, கண்ணாடியக் கொஞ்சம் இறக்கி வைங்கப்பா.”

“எதுக்குய்யா? எலி ஏறிரும்.”

“ஒரு விரக்கடை போதும்ப்பா.”

“விரக்கடையில பல்லி ஏறும். ரெண்டு தார்ப்பா போட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிருக்கேன். காத்துகூட உள்ள போகாது. நீ ஒண்ணும் கவலப்படாத.”

காற்றுப் போகாது என்று தந்தை சாதனையாகச் சொல்வது எதுவோ அதுவே நோயின் இலக்கணம். வண்டி நிற்பது கரிசல் மண்ணில். கரிசல் மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கிற களி. குடித்த நீரை எளிதில் விடாது, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கும். அந்த ஆவி மேலே எழும்போது தரைவரை தொங்கும் தார்ப்பாய் அதைப் பிடித்துவைக்கிறது. காலையில் வெயில் ஏறியதும் உள்ளே இருப்பது கார் அல்ல, இட்லிக் கொப்பரையில் வேகும் ஈடு. ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணத்துக்கு அதற்கு மேல் அழைப்பு வேண்டாம். கைவியர்வையும் தலைமுடி எண்ணெயும் படிந்த ஸ்டியரிங்கும் இருக்கையின் தலைசாய்ப்பும் அதற்கு விருந்து.

தார்ப்பாய் கிடைக்காத வீடுகளில் ஃப்ளெக்ஸ் பேனர். அண்மைக்காலத் தொல்லியலில் இதற்குத் தனி இடம் தர வேண்டும். காதணி விழாவுக்கு அடித்த பேனர் விழா முடிந்ததும் காரின் மேல் ஏறுகிறது. தாய்மாமன்கள் அத்தனை பேரும் கைகூப்பிய நிலையில் ஐப்பசி மழையில் நனைகிறார்கள். ஃப்ளெக்ஸ் நீரை உள்ளே விடாது. உள்ளே இருப்பதை வெளியேயும் விடாது. நெய்த துணியாலான கார் உறை மூச்சுவிடும். அது மழையைக் கொஞ்சம் விட்டாலும் ஆவியையும் விட்டுவிடும். ஆனால் அதில் மாமன்கள் இல்லை என்பதால் உறவினரிடையே மதிப்புக் குறைவு.

அடுத்து கரியினர். இவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இந்த வட்டாரத்தின் விளைச்சல்களில் வானத்தை நம்பாதது சீமைக் கருவேல் ஒன்றே. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது இங்கே பலருக்குப் பிழைப்பு. ஒரு சாக்குக் கரியை இருக்கைக்கடியில் வைத்தால் வாடை குறையும், கொஞ்சம் ஈரமும் பிடிக்கும். ஓர் அளவோடு நிறைந்துவிடும். எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்ப வைக்க வேண்டும். ஐப்பசியில் வைத்துவிட்டுத் தை மாதம்வரை மறந்துபோனால், அது காருக்குள் பயணம் செய்யாமல் நிற்கும் ஒரு சாக்குக் கரி, அவ்வளவே.

உப்பினர் இதைவிடத் துணிந்தவர்கள். தூத்துக்குடிக் கல்லுப்பு கார்த்திகையில் சாடியில் நீர்விடுவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். தூய உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தைத் தாண்டினால் காற்றின் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு முன்பே தொடங்கிவிடும். எனவே தட்டில் உப்பை வைத்தால் அது ஈரத்தை இழுக்கும் என்பது மெய். இழுத்த ஈரம் உப்புநீராகத் தட்டில் நிற்கும் என்பதும் மெய். பூனை ஒன்று பானெட்டில் குதித்து வண்டி குலுங்கினால் அந்த உப்புநீர் தரைத் தகட்டில் இறங்கும். அதன் பிறகு ஓதம் பற்றிய கவலை தீர்ந்து, தகடு பற்றிய கவலை தொடங்கும். கடையில் டப்பாவில் விற்கும் கால்சியம் குளோரைடும் இதே கூட்டம்தான். டப்பா ஆழமாக இருப்பது ஒன்றே வேறுபாடு.

ஆயுத பூஜையன்று கட்டிய எலுமிச்சையையும் மிளகாயையும் அப்படியே விட்டுவைப்பவர்கள், கண்ணேறு கழிய உள்ளே நீர்ச்சத்து நிறைந்த ஒரு பழத்தைப் பூட்டிவைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பூசணம் முதலில் பிடிப்பது அதைத்தான். பாச்சை உருண்டை போடுபவர்கள் வாடையை வேறு வாடையால் வெல்கிறார்கள், ஈரம் சிரித்துக்கொண்டிருக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போட்டவர் செருப்பைக் காப்பாற்றலாம்.

மெய்யான முன்மாதிரி திருச்சுழியில் இருக்கிறது. பூமிநாதர் கோயில் தலபுராணத்தின்படி, பிரளய வெள்ளம் வந்தபோது இறைவன் ஊரின்மேல் கூரை போடவில்லை, சுற்றிக் கரை எழுப்பவும் இல்லை. சூலத்தால் தரையில் ஒரு துளையிட்டார். வெள்ளம் சுழித்துக்கொண்டு அதன் வழியே இறங்கிப்போயிற்று. பொறியியல் நோக்கில் இதைவிடத் தெளிவான தீர்வு கிடையாது. கார் செய்தவர்களும் இதையே பின்பற்றியிருக்கிறார்கள்: கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள், முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் வாய்க்கால், ஏசிநீர் இறங்கும் குழாய். வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியில் அந்த வாய்க்கால் இலையாலும் பழக்கொட்டையாலும் அடைபட்டிருக்கும். நீர் போக வழியின்றி உள்ளே ஒழுகிக் கம்பளத்தில் சேரும். நிழலுக்காக மரத்தடியில் விட்டோம் என்பார்கள். மழைக்காலத்தில் யாருக்கு நிழல்?

பிரேக்கும் இந்த ஆராய்ச்சிக்குள் வரும். கைபிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் ஓதத்தில் துரு ஏறி, பின்சக்கரத்தின் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது பழைய லாரி ஓட்டுநர் முறை, அதுவே சரி.

வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பி ஏசியோடு கால்மணி நேரம் ஓட்டி வந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதன் ஈரத்தைப் பிழிந்து கீழே சொட்டவிடுகிறது. டீசல் வீண் என்று மூடுவோர் மறுப்பார்கள். சொட்டுகிற நீரை ஒரு குடம் வைத்துப் பிடிக்கலாம் என்றால் இந்த ஊரில் மறுப்பு வலுவிழக்கும் என்று நம்புகிறோம்.

உள்ளே எவ்வளவு ஈரம் என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். சாத்தூர்க் காராச்சேவு கொஞ்சம் தாளில் வைத்து முன்பலகையில் விடவும். வாரம் கழித்து எடுத்து ஒடிக்கவும். மடக்கென்றால் வண்டி நலம். நமுத்து வளைந்தால் கதவைத் திறக்க வேண்டிய நேரம். எலி கருவியைத் தின்றுவிடும் என்ற ஆட்சேபம் உண்டு. அப்படித் தின்றால் ஈரப்பதம் தெரியாமல் போகும். எலி இருப்பது தெரிந்துவிடும்.

எம் முடிபு இது. வடகிழக்குப் பருவமழை இந்த மாவட்டத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே கொட்டிவிடுகிறது. ஆனாலும் மழைக்கும் மழைக்கும் நடுவே வெயில் வராமல் இருப்பதில்லை. தண்ணீரைச் சேர்த்தே பழகிய கை காருக்குள்ளும் அதைச் சேர்த்துவைக்கிறது. வெயிலும் காற்றும் இங்கே ஏராளம் என்பதால் அவற்றை மருந்தென்று மதிப்பதில்லை. ஆகவே இதைப் படிக்கும்போது வெளியே வெயில் அடித்தால், தார்ப்பாயை உருவிவிட்டு நான்கு கதவையும் திறந்து போடுங்கள், மிதியடியைச் சுவரில் காயப் போடுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மூடுங்கள். கோழி ஏறிவிடாமல் பார்க்கத் திண்ணையில் ஓர் ஆள் வேண்டும்.