சுவர் ஓட்டை

1978-இல் எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவுக்கு இரண்டு வாசல். ஒன்று இரும்புக் கேட். சாயங்காலம் 4 மணிக்குத் திறக்கும் என்று பலகை சொல்லும். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். வாட்ச்மேன் எங்கே இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. இன்னொன்று, மேற்குச் சுவரில் புளியமரத்து வேர் முட்டிச் செங்கல் பெயர்ந்த ஓட்டை. ஊர் அதில்தான் போய்வந்தது. ஆடுகள் முதலில், அப்புறம் நாங்கள், இருட்டினால் சீட்டாடுகிறவர்கள். ஓட்டைக்குக் கட்டணமும் கிடையாது, திறக்கும் நேரமும் கிடையாது.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. தகரம் துருவேறிய ஒரு சறுக்குமரம். அதில் டவுசர் கிழியாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. சங்கிலி மட்டும் தொங்கும் ஊஞ்சல். நடுவில் ரேடியோ மேடை. கூம்பு ஸ்பீக்கரில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்க ஆரம்பித்தால் பெரியவர்கள் 'உஷ்' என்பார்கள். செய்தி முடியும்வரை எங்கள் கிரிக்கெட் நிற்கும். அவுட் ஆன பையன் அந்த இடைவெளியில் அவுட் இல்லை என்று வாதாடத் தயாராகிவிடுவான்.

ஆனால் ஸ்கோரரிடம் வாதம் செல்லாது. அவனுக்கு வீட்டில் வைத்த பேர் வேறு, எங்களுக்கு ஸ்கோரர்தான். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவன். ஒருவன் உப்பு மூட்டை தூக்கி ஓட்டைவரை கொண்டுவருவான். வெளியிலிருந்து இருவர் தள்ள, உள்ளிருந்து ஒருவன் வாங்கிக்கொள்வான். ரேடியோ மேடையில் உட்கார வைத்து நோட்டைக் கொடுத்துவிட்டால் அவன் எழுதியதுதான் கணக்கு.

'அந்தக் காலத்துல...' என்று நான் ஏக்கப் பெருமூச்சு விடும்போதெல்லாம் என் அக்கா கேட்பாள்: "அந்தப் பார்க்கை உள்ளே போய் நான் எப்போ பார்த்தேன் தெரியுமாடா? அம்பது வயசுக்கு மேல." உண்மைதான். ஆடு நுழைந்த ஓட்டையில் அக்கா நுழைந்ததில்லை. இன்று சேலைக்குக் கீழே வாக்கிங் ஷூ மாட்டிக்கொண்டு, தோழிகள் நால்வரோடு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று போகிறாள்.

நகராட்சி மாநகராட்சி ஆனது. 2015-இல் வந்த அம்ருத் திட்டம் 500 நகரங்களில் குடிநீரையும் சாக்கடையையும் கவனித்ததோடு பூங்காவையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் முறையும் வந்தது. தரை முழுக்கப் பேவர் பிளாக். கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை. துண்டு காயப்போடத் திறந்தவெளி ஜிம். செல்ஃபி எடுக்க, ஊர்ப் பேருக்கு முன்னால் சிவப்பு இதயம். பந்து விளையாடக் கூடாது, புல்லில் நடக்கக் கூடாது என்று பலகை. பையன்கள் பைபாஸ் பக்கம் டர்ஃபுக்குப் போகிறார்கள்; தலைக்கு இவ்வளவு என்று காசு பிரித்து, மணிக்கணக்கு பார்த்து ஆடுகிறார்கள். காசில்லாத பையன்கள் பழைய ஓட்டை வழியாக வந்தார்கள்.

அங்கேதான் நான் வருகிறேன். நடைப்பயிற்சியாளர் சங்கத்தின் துணைச் செயலாளர் நான். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்ததும் எங்களுக்கும் உற்சாகம் பிய்த்துக்கொண்டது. ஆடுகளும் பையன்களும் இடையூறு செய்கிறார்கள், ஓட்டையை அடைக்க வேண்டும் என்று மனு கொடுத்தோம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுதும் வேலையை என்னிடம் தந்தார்கள். பத்தே நாளில் சுவர் எழுந்தது. அத்தனை வருஷத்தில் கேட்டவுடன் நடந்த ஒரே வேலை அதுதான்.

முன்வாசலில் சாய்தளமும் கட்டியிருந்தார்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் புண்ணியம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அளவு பிசகவில்லை. எவர்சில்வர் கைப்பிடி பளபளத்தது. சக்கர நாற்காலிக்கு முன்னால் அதில் பைக்குகள் ஏறின. மறுபடியும் மனு, மறுபடியும் என் கையெழுத்து. சாய்தளத்தின் வாயில் மூன்று இரும்புக் குழாய் நட்டார்கள். இப்போது பைக் நுழைய முடியாது.

ஸ்கோரர் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து குழாய்களுக்கு முன்னால் நிறுத்தினான். சக்கர நாற்காலியை இறக்கி வைத்தாலும் அந்த இடைவெளியில் போகாது.

"சரிவு பிரமாதமா இருக்குடா," என்றான்.

உப்பு மூட்டை தூக்கலாம் என்றால் எனக்கு முதுகில் தட்டு விலகியிருக்கிறது. மூன்றாவது மனு எழுதி ஐந்து மாதம் ஆகிறது.

அதுவரை, கம்பி வேலியை ஒட்டிய டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு, கையில் கிளாசோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று மூச்சு வாங்க வேலியைப் பிடித்துக்கொண்டு, "எட்டு ரவுண்டு முடிச்சாச்சு," என்றேன்.

"ஏழு," என்றான். "வீட்டுல போய் எட்டுன்னு சொல்லாத."