பிளக் ஓட்டையில கட்டைவிரல்

வாங்க மாப்ளே, வாங்க. கச்சிபௌலியில இருந்து செகந்திராபாத் வரைக்கும் இந்த வெயில்ல குட்டியானை பிடிச்சு வந்திருக்கீக. மாமனாருக்கு மாம்பழக் கூடைதான் இறங்குதுன்னு வாசலுக்கு ஓடியாந்தேன். பேத்தியோட ஏ.டி.வி. இறங்குது. போகட்டும், இதுவும் ஒரு சீர்தான். மோர் குடிச்சிட்டுச் சொல்லுங்க, என்ன நோவு அதுக்கு?

கம்ப்ரஷன் இல்லையா? எஞ்ஜினே போச்சா? பிளக் மாத்தியாச்சு, சிடிஐ மாத்தியாச்சு, கார்புரேட்டர் மாத்தியாச்சு, இப்போ புது எஞ்ஜினுக்கு ஆர்டரும் போட்டாச்சு. வண்டியில பழசு இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா, ஸ்டிக்கர் மட்டும்தானா? எலி வந்தா கொள்ளிக்கட்டையோட வீட்டைச் சுத்தி வர்ற ஆளு நீங்கன்னு எம்மகளைக் குடுக்கும்போதே எனக்குத் தெரியும்.

கம்ப்ரஷன் கேஜ் வாங்கி அளந்தீகளா? அது நல்ல காரியம். எவ்வளவு காட்டுச்சு? 40 பி.எஸ்.ஐ-யா? அளக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுசாப் பிடிச்சிருந்தீகளா? என்ன மாப்ளே, பேச்சைக் காணோம். ஒருத்தன் வாயையும் மூக்கையும் பொத்திவிட்டு, எங்கே, நல்லா மூச்சை இழுன்னா அவன் எதை இழுப்பான்? கார்புரேட்டர் வாய் மூடிக் கெடந்தா சிலிண்டருக்குள்ள காத்தே போகாது. காத்து போகலேன்னா எதை அமுக்கும்? பாட்டரியும் முக்கால்வாசி செத்துக் கெடக்கு, ஸ்டார்ட்டர் நொண்டுது. முதல்ல பாட்டரியைச் சார்ஜ் போடுங்க. எஞ்ஜின் கொஞ்சம் சூடா இருக்கணும். பிளக்கைக் கழட்டி, வயரை பாடியில எர்த் பண்ணி ஒதுக்கி வைங்க. ஆக்ஸிலேட்டர் லீவரைக் கட்டைவிரலால முழுசா அமுக்கிக்கிட்டே, முள்ளு ஏறி நிக்கிற வரைக்கும் சுத்தவிடுங்க.

பாத்தீகளா, 75. ஒரு பைசாச் செலவில்லாம 35 சம்பாதிச்சுட்டோம். இந்த ரக எஞ்ஜின் நல்ல உடம்போட இருந்தா பெரும்பாலும் 120-க்கு மேல காட்டும். ஆக, நோவு இருக்கு. சாவு இல்லை.

கேஜெல்லாம் எங்க கைக்கு இப்போ வந்தது மாப்ளே. கோவில்பட்டிப் பக்கம் எங்க கிணத்துல டீசல் எஞ்ஜின்தான் தண்ணி இறைச்சது. அதுல பிளக்கே கிடையாது. காத்தை அமுக்குற அமுக்குல வர்ற சூட்டுலயே டீசல் பத்திக்கும். சைக்கிள் பம்பு அடிச்சா நுனி சுடுமில்ல, அதே சங்கதிதான். அமுக்கத்தை விடுற லீவரைத் தூக்கி வச்சுக்கிட்டு கைப்பிடியைப் போட்டுச் சுத்துவோம். சக்கரம் வேகம் பிடிச்சதும் லீவரைத் தட்டிவிட்டா டக்கு டக்குன்னு கிளம்பும். அமுக்கம் குறைஞ்சா கிளம்பாது, பயிர் காயும், எங்கப்பா ஏசுவாரு. அவருக்கு கேஜு எங்க கைதான். பெட்ரோல் எஞ்ஜினுன்னா பிளக் ஓட்டையில கட்டைவிரலை வச்சு அடைக்கணும். விரலைத் தள்ளிக்கிட்டு புஸ்ஸுன்னு காத்து வந்தாச் சரி. நாய்க்குட்டி மூச்சு விடுற மாதிரி வந்தா, உள்ள எங்கேயோ ஒழுகுது.

எங்கே ஒழுகும்? ரெண்டு வால்வு, பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கட். அவ்வளவுதான் வாசல். உங்க அடுக்குமாடியில இதைவிட அதிக வாசல் இருக்கு.

இந்த எஞ்ஜினும் லேசுப்பட்ட வம்சமில்லை. 1958-ல ஹோண்டாக்காரன் சூப்பர் கப்புன்னு ஒரு வண்டி விட்டான். அதோட படுத்த சிலிண்டரைப் பாத்துத்தான் சீனாக்காரன் இந்தப் பிள்ளைக வண்டிக்கெல்லாம் எஞ்ஜின் போடுறான். போர் 52.4 மில்லி, ஸ்ட்ரோக் 49.5. பெருக்கிப் பாருங்க, 107 சிசிதான் வரும். மேல 110-ன்னு எழுதியிருக்கான். உங்க ஊர்ல கஜக் கணக்குல மனை விக்கிறவன் அளந்தானோ என்னமோ.

சரி, எஞ்ஜின் ஆறட்டும். முதல்ல வால்வு வாசலைப் பாப்போம். டேப்பெட் இடைவெளி பாக்கணும்னா எஞ்ஜின் குளிர்ந்துதான் இருக்கணும். மேக்னெட்டைத் திருப்பி, டி குறிக்குக் கொண்டாந்து, ரெண்டு ராக்கரும் லூசா இருக்கான்னு பாருங்க. 0.05 மில்லி ஃபீலர் கேஜ் உள்ள போகணும், லேசா இழுபடணும். இன்டேக்ல போகுது. எக்ஸாஸ்ட்ல? நுனியே நுழையலை. இதான் சங்கதி. தேய்மானம்னா இடைவெளி கூடும்னுதானே படிச்சவுக நினைப்பீக? வால்வு தேயத் தேய சீட்டுக்குள்ள இறங்கும், இடைவெளி குறையும். கடைசியில வால்வு முழுசா மூடவே மூடாது. காலையில கிளம்பும், சூடானப்புறம் நிறுத்தினா மறுபடி கிளம்பாது. அப்படித்தானே பண்ணுச்சு? சத்தம் போடுற டேப்பெட்டுக்கு எல்லாரும் பயப்படுவாங்க. வாயடைச்ச டேப்பெட்டுதான் வால்வைச் சுட்டுத் தின்னுரும்.

சரி பண்ணியாச்சு. இப்போ 95. இன்னும் பத்தலை.

ஒரு டீஸ்பூன் எஞ்ஜின் ஆயிலை பிளக் ஓட்டையில விடுங்க. உடனே கேஜை மாட்டாதீங்க. இது படுத்த சிலிண்டர், ஆயில் கீழ்ப்பக்கமே தேங்கும். ஒரு துணியை மேல போட்டு நாலு சுத்து சுத்திவிட்டு, அப்புறம் அளங்க. 130! ஆயில் போய் சந்துபொந்தை அடைச்சதும் ஏறிருச்சு பாத்தீகளா? அப்போ மிச்ச ஒழுக்கு ரிங்கு. ஏறாம இருந்திருந்தா வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

ரிங்கை யாரு தின்னா? அந்த ஏர் ஃபில்டரைக் கழட்டுங்க. அடேயப்பா! சேவெள்ளா பக்கம் நீங்க மனை வாங்கியிருக்கீகன்னு சொன்னாங்க, பாதி மனையை இதுக்குள்ளயே வச்சிருக்கீக. ஆலமரத்து ரோட்டைத் தாண்டி, செல்க மண்ணுன்னு சொல்லுவாங்களே, அந்தச் செம்புழுதியிலதான் பேத்தி ஓட்டினா. ஃபோமைக் கழுவினீகளா? கழுவிக் காயவச்சு அப்படியே மாட்டிட்டீக. ஃபோம் ஃபில்டருக்கு ஆயில் தடவிப் பிழிஞ்சு மாட்டணும் மாப்ளே, அந்தப் பசையிலதான் புழுதி ஒட்டும். காஞ்ச ஃபோமு, வடை சுடுற ஜல்லிக்கரண்டி மாதிரி. புழுதி உள்ள போய் ஆயிலோட சேர்ந்தா என்ன ஆகும்? வால்வு தேய்க்கிற பேஸ்ட்டை நாங்க காசு குடுத்து வாங்குறோம், நீங்க இனாமாத் தயார் பண்ணியிருக்கீக. கார்புரேட்டருக்குப் போற ரப்பர் பூட்டையும் வளைச்சுப் பாருங்க, முடி கனத்துக்கு வெடிப்பு இருந்தாலும் அதே கதிதான்.

நாளைக்கு பிளாக்கைக் கழட்டி ராணிகஞ்ச் லேத்துக்குக் கொண்டு போவோம். ரிங்கு மட்டும் போட்டா ஆகாதான்னு கேக்காதீக. அளந்து பாப்போம். போர் தேய்ஞ்சு முட்டை வடிவமாகியிருந்தா, புது ரிங்கு போட்டாலும் ஒழுகும். 0.25-ஓ 0.50-ஓ ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு போர் பண்ணித்தான் ஆகணும். பிஸ்டன் புத்லிபௌலியில கிடைக்காமப் போகாது. ரிங்கு வாய்களை ஒரே நேரா வைக்காம தள்ளித் தள்ளி வைக்கணும், எழுத்துள்ள பக்கம் மேல பாக்கணும். அதை நான் பாத்துக்கிடுதேன்.

இன்னொண்ணு. சரியானப்புறமும் வேகம் ஏறலேன்னு திரும்ப குட்டியானை பிடிச்சுராதீக. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல சனத்நகர் ஆல்வின்காரன் புஷ்பக்னு ஒரு ஸ்கூட்டர் விட்டான், லாம்ப்ரெட்டா சாதி. சைலன்சர்ல கரி அடைச்சிருக்கும், எஞ்ஜின் போச்சுன்னு தள்ளிக்கிட்டு வருவாங்க. கம்பியை விட்டுக் குத்தினா ஓடும். இந்த வண்டியிலயும் அப்படி ஒரு சங்கதி இருக்கு. ஆக்ஸிலேட்டர் லீவர் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ. அதை உள்ள திருகினா லீவர் பாதிக்கு மேல போகாது, பிள்ளைக பறக்காம இருக்க. உங்க வண்டியில அது அடிவரைக்கும் திருகிக் கெடந்துச்சு. நீங்க அளக்கும்போது நாந்தான் வெளியே எடுத்துவிட்டேன், இப்போ பழையபடி உள்ள தள்ளிட்டேன்.

அதுல கையை வைக்காதீக மாப்ளே. எம்மக எனக்கு போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் திருகினா.